மாமல்லபுரம் ஒருநாள் சுற்றுலா

மாமல்லபுரம் ஒருநாள் சுற்றுலா என்பது சென்னையிலிருந்தோ செங்கல்பட்டிலிருந்தோ விடியற்காலையில் புறப்பட்டு, பல்லவர் காலக் கற்கோயில்களையும் அவற்றை அடுத்துள்ள ஊர்களையும் கண்டு, வழியில் உண்டு, இரவுக்குள் வீடு திரும்பும் பயண வழக்கமாகும். பள்ளிப் பிள்ளைகளின் இன்பச் சுற்றுலாவும், காணும் பொங்கலன்று குடும்பத்தோடு கிளம்பும் உலாவும், அயல்நாட்டார் வாடகைக் காரில் வந்து போவதும் இதில் அடங்கும். இவ்வழக்கத்துக்கு வடிவம் தந்தவை சிற்பங்களைக் காட்டிலும் அவற்றை அடையும் வழிகளே. வழி மாறியபோதெல்லாம் பயணி கண்டவையும் உண்டவையும், காணும் வேளையும்கூட மாறின.

காஞ்சிபுரம் பல்லவரின் தலைநகராகவும் மாமல்லபுரம் அவர்களின் துறைமுகமாகவும் இருந்த காலத்திலேயே இத்தகைய பயணம் ஒன்று பதிவாகியுள்ளது. காஞ்சியில் வாழ்ந்த வடமொழிப் புலவர் தண்டி, தம் அவந்திசுந்தரி கதையின் முற்பகுதியில், கடற்கரையில் பள்ளிகொண்ட திருமாலின் உடைந்த கையை ஒட்டுத் தெரியாமல் இணைத்த லலிதாலயன் என்னும் சிற்பி அழைக்க, அந்த வேலைப்பாட்டைக் காண மாமல்லபுரம் சென்றதாகக் கூறுகிறார். வழிபாட்டுப் பயணமே பெருவழக்காக இருந்த நாட்டில், ஒரு கைவினைஞனின் திறமையைப் பார்ப்பதற்காகவே ஒருவர் தலைநகரை விட்டுக் கிளம்பினார் என்பது தமிழகப் பயண வரலாற்றில் இன்னும் உரிய இடம் பெறாத செய்தியாகும்.

17ஆம் நூற்றாண்டில், மாமல்லபுரத்துக்குத் தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் வணிகம் நடத்திய டச்சுக்காரர்கள் உள்நாட்டுப் பக்கமாகத் திருக்கழுக்குன்றம் வரை உலாச் சென்றனர். அக்குன்றிலுள்ள ஒருகல் மண்டபம் என்னும் பல்லவர் குடைவரையில், அதாவது பாறையைக் குடைந்து அமைத்த கோயிலில், அவர்கள் வெட்டிய பெயர்கள் இன்றும் காணப்படுகின்றன. மாலுமிகள் மாமல்லபுரக் கடற்கரையை ஏழு கோயில்கள் எனப் பொருள்படும் பெயரால் அறிந்திருந்தனர். 1772இலும் 1776இலும் இங்கு வந்த வில்லியம் சேம்பர்ஸின் கட்டுரை 1788இல் அச்சானபின், படித்த ஆங்கிலேயரும் வரத் தொடங்கினர். பக்கிங்காம் கால்வாய் சீரமைந்த பிறகு அவர்கள் சென்னையில் இரவில் படகேறி, ஆட்கள் கயிறு கட்டி இழுக்கவும் கழி ஊன்றித் தள்ளவும் உறங்கியபடியே வந்து, காலையில் மாமல்லபுரத்தில் இறங்கினர்.

அந்தப் படகு நேரத்தில் ஒரு நன்மை இருந்தது. அர்ச்சுனன் தபசு என்றும் கங்கை இறங்கிய காட்சி என்றும் வழங்கும், ஏறத்தாழ 30 மீட்டர் நீளமுள்ள புடைப்புச் சிற்பப் பாறை கிழக்கு நோக்கியது. காலை வெயில் நேராக விழும்போதுதான் யானையின் காலடியில் கைதூக்கித் தவம் செய்யும் பூனையும், அதை நம்பிக் கூடியிருக்கும் எலிகளும் துலக்கமாகத் தெரியும். பிற்பகலில் வருவோருக்கு அப்பாறை நிழலில் கிடக்கிறது.

ரயிலும் பேருந்தும் வந்தபின் செங்கல்பட்டே நுழைவாயிலாயிற்று. நிலையத்தில் இறங்கிப் பேருந்தேறுவோர், ஏறத்தாழ நடுவழியிலுள்ள திருக்கழுக்குன்றத்தை உச்சிவேளைக்கு முன் அடைய விரைந்தனர். நாள்தோறும் நண்பகலில் வேதகிரீசுவரர் மலைப் பாறைக்கு இரண்டு கழுகுகள் வந்து, அர்ச்சகர் கையிலிருந்த சர்க்கரைப் பொங்கலை உண்ணும் என்பதே காரணம். அவை காசியில் நீராடி, இராமேசுவரத்தில் தொழுது, இங்கே உண்டு செல்வதாக மக்கள் நம்பினர். பறவையியலார் அவற்றை மஞ்சள்முகப் பாறு என்பர். ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகளை வெயிலில் ஏறி, பறவைகள் உண்டதைக் கண்டபின் கீழே இறங்கி, வாழையிலையில் கட்டி வந்த புளியோதரையையும் தயிர்ச்சாதத்தையும் பிரிப்பது பல தலைமுறைகளுக்குச் சுற்றுலாவின் நடுப்பகுதியாக இருந்தது. ஒரு நாளின் நேரப்பட்டியலை இரண்டு பறவைகளின் பசி வகுத்ததற்கு இணையாக வேறு சுற்றுலா மரபைக் காட்டுவது கடினம். 1990களில் அவற்றின் வருகை நின்றுபோயிற்று.

1971இல் தொடங்கப்பெற்ற தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் காஞ்சிபுரத்தையும் மாமல்லபுரத்தையும் ஒரே நாளில் காட்டும் பேருந்துப் பயணங்களை நடத்தியதால், தண்டியின் பாதை மீண்டும் புழக்கத்துக்கு வந்தது. இப்பயணத்தில் காலை உணவுக்கு உரியது காஞ்சிபுரம் இட்லி. மிளகு, சீரகம், சுக்கு, நெய் சேர்ந்த மாவை மந்தாரை இலை வேய்ந்த மூங்கில் குடலையில் ஊற்றி அவித்து, வரதராசப் பெருமாளுக்குப் படைக்கும் பண்டம் அது. உருளையாக வெந்து, இலையின் மணத்தோடு துண்டுகளாக அறுபடும்.

இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்குக் கடற்கரைச் சாலை மேம்பட்டதும் பயணம் முழுவதும் கடலோரத்துக்கு நகர்ந்தது. வடநெம்மேலி முதலைப் பண்ணை, 1996இல் திறக்கப்பெற்ற முட்டுக்காடு தட்சிணசித்ரா, சாளுவன்குப்பம் புலிக்குகை ஆகியவை இடைநிறுத்தங்களாயின. உச்சிவேளைப் புளியோதரையின் இடத்தை ஒத்தவாடைத் தெரு உணவகங்களின் வஞ்சிர வறுவலும் இறாலும் பிடித்தன. 1984இல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பெற்ற இவ்வூருக்கு அயல்நாட்டார் வருகையும் பெருகியது. 2019 அக்டோபர் 11 அன்று இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் அர்ச்சுனன் தபசு, வெண்ணெய்த் திரட்டுப் பாறை, ஐந்து ரதங்கள், கடற்கரைக் கோயில் ஆகியவற்றை ஒரே மாலையில் பார்த்து, கோயில் வளாகத்திலேயே அரைத்துவிட்ட சாம்பாரும் கவுனி அரிசி அல்வாவும் அடங்கிய விருந்துண்டனர். இந்த வளர்ச்சியில் இழப்பும் உண்டு: திருக்கழுக்குன்றமும் சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டையும் பெரும்பாலான பயணத் திட்டங்களிலிருந்து விழுந்துவிட்டன.

ஒருநாள் வழக்கத்துக்கு உட்படாத பயணியர் இருளர் பழங்குடியினர். மாசி மகத்தையொட்டிப் பல ஊர்களிலிருந்தும் வந்து, புடவைகளால் கூடாரம் கட்டிக் கடற்கரையிலேயே தங்கும் அவர்கள், பொழுது புலரும்போது ஈர மணலில் ஏழு படிகள் அமைத்துக் கன்னியம்மனை வழிபட்டு, திருமணங்களையும் அங்கேயே நடத்துகின்றனர். சென்னையின் முதல் பேருந்துகள் வந்து நிற்பதற்குள் அச்சடங்குகளில் பெரும்பகுதி முடிந்துவிடும்.