வாட்ஸ்அப் இல்லாத ஜனவரி

ஒரு சின்ன கேள்வி. கையில போன் இல்லாத காலத்துல மாநிலம் முழுக்க மாணவர்கள் எப்படித் திரண்டாங்க?

1965 ஜனவரி 26 முதல் இந்திதான் மத்திய அரசின் முதன்மை ஆட்சிமொழி. ஆங்கிலம் ‘தொடரலாம்’னு 1963 சட்டம் சொல்லிச்சு, ‘தொடரும்’னு சொல்லல. அந்த ஒரு சொல்லுலதான் பயமே. நாளைக்கு மத்திய அரசு வேலைக்கு எந்த மொழியில தேர்வு எழுதுறது?

ஜனவரி 25 மதுரை மாணவர் ஊர்வலம் மோதலில் முடிந்தது. 27ஆம் தேதி சிதம்பரத்தில் போலீஸ் சுட்டதில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் இறந்தார். அரசு கல்லூரிகளை மூடிச்சு. பசங்க ஊருக்குக் கிளம்பினாங்க; போராட்டமும் கூடவே பஸ் ஏறிடுச்சு.

2017 ஜனவரி 17, மெரினா. ஜல்லிக்கட்டுக்காக பேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் சில நாள்லயே பெருங்கூட்டத்தைச் சேர்த்தன. 23ஆம் தேதி சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறியது. அன்னைக்கே போலீஸ் கூட்டத்தைக் கலைத்தது. கோரிக்கை ஜெயிச்சது. அப்புறம்? குரூப் எல்லாம் மியூட்.

1965 அப்படி அடங்கல. 1967 தேர்தலில் விருதுநகரில் காமராஜரை 1,285 ஓட்டில் தோற்கடித்தவர் மாணவர் தலைவர் பெ. சீனிவாசன். அந்த டிசம்பரிலேயே நாடாளுமன்றம் மொழிச் சட்டத்தைத் திருத்தியது.

வேகம் இன்னைக்கு நம்ம கையில இருக்கு. ஆனா பல கல்லூரிகள்ல மாணவர் தேர்தலே கிடையாது. கூட்டம் கலைஞ்ச மறுநாள் நம்ம சார்பா யார் உட்கார்ந்து பேசுவாங்க? அதுக்கு குரூப் அட்மின் போதாது.