முப்பத்தைந்து மார்க்

கொமரலிங்கத்தில் எங்க செட்டில் பத்தாம் வகுப்போடு நின்றவர்களைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "இங்கிலீஷ் போச்சுடா." கணக்கில் எழுபது வாங்கியவனும் அதில் உண்டு. ஒவ்வொரு பாடத்திலும் 35 வேண்டும். ஒன்றில் போனால் மொத்தமும் பெயில்.

இது ரொம்பப் பழைய கதை. 1904இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்த ராமானுஜன், ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தவறி உதவித்தொகையை இழந்தார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரிக்குப் போயும் எஃப்.ஏ. தேறவில்லை. கணக்கு அவரைக் காப்பாற்றியது. அதனால்தான் அவர் தவறியதும் நமக்குத் தெரிகிறது.

அன்று பாடங்களே ஆங்கிலத்தில் இருந்தன. பிறகு பள்ளிப் பாடம் தமிழுக்கு வந்தது. 1968இல் இருமொழிக் கொள்கை வந்தபோது தமிழோடு ஆங்கிலமும் நிலைத்தது. வீட்டிலும் தெருவிலும் அதைப் பேச ஆளில்லாத பிள்ளைக்குக் கட்டுரையை மனப்பாடம் செய்வதுதான் இங்கிலீஷ். 1978இல் பிளஸ் டூ வந்தது. பத்தாம் வகுப்புத் தேர்வு அதற்கு வாசலானது. 1980களில் திருப்பூர் பனியன் ஏற்றுமதி பெருகியது. கைமடிக்கப் போனவனிடம் யாரும் மார்க் ஷீட் கேட்கவில்லை. சனிக்கிழமை சம்பளம் கையில் வந்தபின் மறுபடி அட்டெம்ப்ட் எழுத யாருக்கு மனசு வரும்?

"அவனுக்குப் படிப்பு ஏறல" என்றது ஊர். நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் அவர்கள் தவறியது ஒரு தாளில்தான். மேலே படித்திருக்கக்கூடிய கணக்கையும் அறிவியலையும் அதோடு சேர்த்தே இழந்தார்கள்.