அஞ்சும் மனத்துக்கு இடம் தந்த வீடு

பழிக்கும் பாவத்துக்கும் அஞ்சுவதை நற்குணமென்றே நம் முன்னோர் போற்றினார்கள். ஆனால், நாலு பேர் கூடிய சபையில் தலை நிமிரவோ, ஒரு சிறு காரியத்தைத் தானே நிச்சயிக்கவோ, குறை நேர்ந்துவிடுமோ என்ற கவலையின்றி எடுத்த வேலையை முடிக்கவோ இயலாதபடி, அச்சமே ஒருவருடைய சுபாவமாகி வாழ்நாள் முழுவதையும் ஆட்கொண்டுவிடுமானால், அதைக் குணமென்று போற்றவும் முடியாது. குற்றமென்று தூற்றவும் நியாயமில்லை. ஒதுங்கி வாழும் சுபாவம், பிறரையே சார்ந்து நிற்கும் சுபாவம், ஒழுங்கிலும் பூரணத்துவத்திலும் கட்டுண்டு கிடக்கும் சுபாவம் ஆகியவற்றை அமெரிக்க மனநோய் வைத்தியர் சங்கம், 1980-இல் வெளியிட்ட தன் மூன்றாவது நோய்ப் பட்டியலில், அச்சமும் கவலையும் மிகுந்த ஆளுமைக் கோளாறுகளின் வரிசையில் சேர்த்தது. அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே, ஏறக்குறைய இத்தகைய சுபாவமுடையோருக்கென்று தம் இல்லத்தையே சிகிச்சைக் கூடமாக்கிய ஜப்பானிய வைத்தியர் ஒருவருடைய சரித்திரம் நாம் அறியத் தக்கது.

1874-இல் கோச்சிப் பிரதேசத்தில் பிறந்த ஷோமா மோரிடா, சிறு பிராயத்தில் ஊர்க்கோயிலில் தீட்டியிருந்த நரகச் சித்திரத்தைக் கண்டு மரண பயத்தால் உறக்கமிழந்தவர். டோக்கியோவில் வைத்தியம் படித்த காலத்திலும் நெஞ்சுத் துடிப்பும் நரம்புத் தளர்ச்சியும் அவரை வாட்டின. பரீட்சை நெருங்கிய சமயத்தில் ஊரிலிருந்து தந்தை அனுப்ப வேண்டிய பணம் வந்து சேராமற்போக, மனம் வெறுத்த மோரிடா, செத்தாலும் சாகட்டும் என்று மருந்தை ஒதுக்கிவிட்டு இரவு பகலாகப் படிப்பில் ஆழ்ந்தார். பரீட்சையில் நல்ல தேர்ச்சியும் கிடைத்தது. அத்தனை நாளும் அவரை அலைக்கழித்த உபாதைகளும் இருந்த இடம் தெரியாமல் அகன்றன.

பிற்காலத்தில் ஜிகேய் வைத்தியக் கல்லூரியில் ஆசிரியராயிருந்த அவர், அந்நாளில் ஐரோப்பாவில் வழங்கிய ஓய்வு முறை, உபதேச முறை, வசிய உறக்க முறை அனைத்தையும் சோதித்துப் பார்த்தும் மன நிறைவு பெறவில்லை. 1919-இல், நெடுநாள் நோயுற்றிருந்த தலைமைச் செவிலி ஒருவர் அவர் இல்லத்தில் தங்கி, வீட்டு வேலைகளில் ஈடுபட்டுக் குணமடைந்தார். அதன் பின் நோயாளிகளைத் தம் ஹோங்கோ வீட்டிலேயே தங்கவைப்பதை மோரிடா வழக்கமாக்கிக்கொண்டார். அவர் மனைவியும் அப்பணியில் உடனிருந்து உழைத்தார்.

வந்தவர் முதல் ஒரு வாரம் தனியறையில் படுத்தே கிடக்க வேண்டும். பேச்சில்லை, புத்தகமில்லை, பார்வையாளருமில்லை. தடுக்க எவருமின்றிப் பொங்கியெழும் வேதனை, உச்சத்தைத் தொட்டபின் தானாகவே தணிவதை அவர் அங்கே அனுபவத்தில் உணர்வார். பின்பு சலிப்புத் தோன்றும். எதையாவது செய்யவேண்டுமென்ற ஆவலும் கூடவே பிறக்கும். அப்பால் முற்றம் பெருக்குதல் போன்ற சிறு வேலைகள், பிறகு விறகு பிளத்தல் போன்ற கடும் வேலைகள், இறுதியில் வெளியுலகப் பழக்கம் என்று ஏறக்குறைய நாற்பது நாள் சிகிச்சை நடக்கும். இரவில் நோயாளி எழுதும் நாட்குறிப்பைப் படித்து மோரிடா தம் கருத்தை அதிலேயே குறித்துத் தருவார். பிறர் முன் முகம் சிவந்துவிடுமே என்று நடுங்கியவர்கள்கூட, பிராணிகளுக்குத் தீனியாகக் காய்கறிச் சந்தையில் சிதறிக் கிடக்கும் தழைகளைப் பொறுக்கிவரப் போனார்கள். முகம் சிவக்காமல் போக வேண்டுமென்பதன்று ஆசிரியரின் கட்டளை. சிவந்தால் சிவந்தபடியே போய்வர வேண்டுமென்பதே.

அச்சத்தை உற்று நோக்க நோக்க அது வளர்கிறது. வளர வளர மனம் இன்னும் அதனையே நோக்குகிறது. இந்தச் சுழலே நோயின் மூலமென்று அவர் கண்டார். சாவுக்கு அஞ்சுபவன் வாழ விரும்புகிறான். இகழ்ச்சிக்கு அஞ்சுபவன் மதிப்போடு வாழ விரும்புகிறான். ஆகவே அச்சத்தை வேரோடு பறிக்க முயல்வது வீண் பிரயாசை, அந்த விருப்பத்தைச் செயலில் திருப்புவதே வைத்தியம் என்பது அவர் சித்தாந்தம். பிராய்டின் கொள்கையைப் பின்பற்றிய பேராசிரியர் மாருயி வைத்திய மாநாடுகளில் இதைக் கடுமையாக எதிர்த்து வாதாடினார், மோரிடாவும் சளைக்கவில்லை. 1938-இல் அவர் மறைந்த பின்னரும், கியோட்டோவில் சீடர் உசா கென்யூ நிறுவிய சான்சேய் மருத்துவமனையும், ஜிகேயில் அவருக்குப் பின் வந்த கோரா தக்கேஹிசாவும் அம்முறையைப் போற்றி வளர்த்தனர். 1970 முதல், குணமடைந்தவர்களே கூடி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் சங்கமும் ஜப்பானில் நடந்து வருகிறது.

இத்தகைய பிள்ளையோ, சகோதரியோ நம் வீட்டில் இருப்பின், கோழையென்று ஏசுவதும், பயப்படாதே என்று ஓயாமல் போதிப்பதும் அவர்களுடைய கவனத்தை மீண்டும் அச்சத்தின்மீதே திருப்புமேயன்றி வேறு பயன் தரா. தேர்ந்த மனநல வைத்தியரிடம் கூச்சமின்றி அழைத்துச் செல்லுங்கள். வீட்டின் அன்றாடக் காரியங்களில் அவர்களுக்கும் உரிய பங்கைக் கொடுங்கள். அவர்கள் அஞ்சியபடியே செய்து முடித்த வேலையை, அஞ்சாதவர் செய்ததற்கு நிகராக மதியுங்கள்.