அணை உடைந்த நாளும் ஆறாத மனமும்

கடக்வாஸ்லா என்னும் பெயர் பூனாவில் வாழும் தமிழ் அன்பர்களுக்குப் புதியதன்று. நகருக்குத் தென்மேற்கே முட்டா நதியைத் தடுத்து நிற்கும் அணையும், அதன் கரையில் முப்படைகளுக்கும் இளைஞர்களைப் பயிற்றுவிக்கும் தேசியப் பாதுகாப்பு அகாடமியும் அவ்வூருக்குப் பெருமை தருவன. ஆயினும் அவ்வூரின் வரலாற்றில் மறக்கவொண்ணாத துயர நாளும் ஒன்று உண்டு. அந்த நாளையும், அதைப் போன்ற நாட்கள் மனித மனத்தில் ஏற்படுத்தும் காயத்தையும், அக்காயத்தை ஆற்ற அண்மைக் காலத்தில் தோன்றிய ஒரு வைத்திய முறையையும் பற்றி இங்கே சிந்திப்போம்.

கடக்வாஸ்லா அணை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கல்லால் கட்டப்பட்டது. அதற்கு மேற்புறத்தில், அம்பி நதியின் குறுக்கே, பான்ஷேட் என்னுமிடத்தில் 1961ஆம் ஆண்டில் ஒரு மண்ணணை எழும்பிக்கொண்டிருந்தது. வேலை முற்றுப்பெறுமுன் மழைக்காலம் வந்துவிட்டது. அணையில் கசிவும் சரிவும் கண்டபோது இராணுவ வீரர்கள் இரவு முழுதும் மணல் மூட்டைகளை அடுக்கிப் போராடினர். அப்போராட்டம் சில மணி நேரத்தை மட்டுமே பெற்றுத் தந்தது. ஜூலை 12ஆம் நாள் காலையில் பான்ஷேட் உடைந்தது. பாய்ந்து வந்த நீரின் வேகத்தைத் தாங்கமாட்டாமல் அன்றே கடக்வாஸ்லாவும் உடைந்தது. பகற்பொழுதில் வெள்ளம் வந்தமையால் எண்ணற்றோர் மேட்டு நிலங்களுக்கு ஓடி உயிர் தப்பினர். எனினும் ஆற்றோரப் பேட்டைகளில் பழைய வீடுகள் சரிந்தன, நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். நகருக்குக் குடிநீர் தந்துவந்த ஏரியே வற்றிப்போக, வெள்ளத்தில் மூழ்கிய நகரம் குடிக்க நீரின்றித் தவித்தது.

பின்னர் சீரமைப்பு நடந்தது. வீடிழந்தோருக்குக் கோகலே நகர், சஹகார் நகர் போன்ற குடியிருப்புகள் எழுந்தன. இரு அணைகளும் மீண்டும் கட்டப்பட்டன. வீட்டுக்கு வீடு கிடைத்தது. அணைக்கு அணை கிடைத்தது. மனத்துக்கு என்ன கிடைத்தது?

இக்கேள்விக்கு அக்காலத்து மருத்துவத்திடம் தெளிவான விடை இல்லை. முதல் உலகப்போரில் குண்டு முழக்கத்துக்கிடையே நிலைகுலைந்த சிப்பாய்களைப் பற்றி சார்லஸ் மையர்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் 1915இல் எழுதினார். அதன் பின்னரும் இந்நோயைக் கோழைத்தனம் என்றே கருதியவர் பலர். பேராபத்தைக் கண்டவர்களுக்குப் பல மாதங்கள் கழிந்தும் அக்காட்சி கண்முன் தோன்றுவதும், உறக்கம் கலைவதும், சிறு ஓசைக்கும் உடல் நடுங்குவதும் ஒரு தனி நோயின் குறிகள் என்று அமெரிக்க உளமருத்துவச் சங்கம் தன் கையேட்டில் பெயரிட்டுச் சேர்த்தது 1980இல்தான். பான்ஷேட் உடைந்து 19 ஆண்டுகள் கழிந்த பின்னரே, அவ்வெள்ளத்தில் தப்பியோர் பலர் பட்டிருக்கக்கூடிய துன்பத்துக்கு மருத்துவ நூலில் பெயர் கிடைத்தது.

பெயர் கிடைத்த சில ஆண்டுகளில் ஒரு புதிய சிகிச்சையும் பிறந்தது. பிரான்சின் ஷாபிரோ என்னும் அமெரிக்க அம்மையார் 1987இல் ஒரு பூங்காவில் உலவுகையில், தம் கண்கள் இருபுறமும் விரைந்து அசைந்தபோது மனத்தை வருத்திய எண்ணங்களின் கூர்மை குறைந்ததைக் கவனித்தார். அதை ஆராய்ந்து 1989இல் தம் முடிவுகளை வெளியிட்டார். ஈ.எம்.டி.ஆர். என்று வழங்கும் கண்ணசைவுச் சிகிச்சை இவ்வாறு தோன்றியது.

இச்சிகிச்சைக்கு எட்டுப் படிகள் உண்டு. வைத்தியர் முதலில் வரலாற்றைக் கேட்டறிந்து, மனத்தை அமைதிப்படுத்தும் வழிகளைக் கற்பிப்பார். பிறகு, மிகவும் வருத்தும் காட்சியையும், ‘நான் காப்பாற்றத் தவறினேன்’ என்பது போல் அக்காட்சியோடு ஒட்டிக்கொண்ட எண்ணத்தையும் நினைவில் நிறுத்தச் சொல்வார். அந்நிலையில் அவர் விரலை இருபுறமும் அசைக்க, நோயாளி கண்களால் அதைத் தொடர்வார். சற்று நேரத்தில் நிறுத்தி, மனத்தில் எழுந்ததைச் சுருக்கமாகக் கேட்பார், மீண்டும் தொடங்குவார். துயரத்தின் அளவு தணிந்த பின், நல்லெண்ணம் ஒன்றை அவ்விடத்தில் ஊன்றச் செய்வார். நடந்தது மறந்துபோவதில்லை, நினைவு கொட்டாமல் நினைவாக மட்டும் நிற்கிறது.

கண்ணசைவு எவ்வாறு உதவுகிறது என்பதில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. ஒரே நேரத்தில் காட்சியை நினைப்பதும் விரலைத் தொடர்வதுமாகிய இரு வேலைகளைச் செய்யும் மனத்தில், காட்சியின் தெளிவு மங்குகிறது என்பர் ஒரு சாரார். துன்பத்தைப் பாதுகாப்பான சூழலில் எதிர்கொள்வதே மருந்து; கண்ணசைவு மிகையானது என்பர் மற்றொரு சாரார். எனினும் சிகிச்சையின் பயனை ஏற்று, உலக சுகாதார நிறுவனம் 2013இல் இதனைத் தன் பரிந்துரைகளில் சேர்த்தது.

நம் நாட்டில் இது 2001ஆம் ஆண்டு ஜனவரி 26இல் நிகழ்ந்த குஜராத் பூகம்பத்துக்குப் பின் பரவலாகப் பயிற்றுவிக்கப்பட்டது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை நாகப்பட்டினம் உள்ளிட்ட தமிழகக் கரையையும் இலங்கைக் கரையையும் தாக்கியபோது, அங்கும் ஆலோசகர்களுக்கு இப்பயிற்சி அளிக்கப்பட்டது. பூனாவுக்கு 1961இல் கிட்டாத ஒரு கருவி, நாகைக்கு 2004இல் கிட்டும் அளவுக்குக் காலம் முன்னேறியிருந்தது.

பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இவ்வரலாறு ஒரு பாடம் சொல்கிறது. பேரிடரிலோ விபத்திலோ அடிபட்ட மனம், ஊரைவிட்டு வந்ததால் மட்டும் அவ்வடியை விட்டுவிடுவதில்லை. மராத்தியிலோ இந்தியிலோ அன்றாட வாழ்வை நன்றாக நடத்துபவருங்கூட, ஆழ்ந்த துயரைத் தாய்மொழியில் சொல்லும்போதே நெஞ்சு திறக்கிறது. அதனால், வைத்தியரை நாடுகையில் தமிழறிந்தவர் உண்டா எனக் கேட்பது பிழையன்று. 2022இல் இந்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவிச் சேவையில் 14416 என்னும் எண்ணில் தமிழிலும் பேசலாம். கண்ணசைவுச் சிகிச்சையையோ, தாமாகச் செய்துபார்க்காமல், பயிற்சி பெற்றவரிடமே பெறுதல் வேண்டும்.

உடைந்த அணையைக் கண்டவுடன் பொறியாளரை அழைக்கிறோம். உடைந்த மனத்தைக் கண்டால் மட்டும், காலம் ஆற்றும் என்று காத்திருக்கிறோம். கடக்வாஸ்லாவில் நீர் விரைவில் வடிந்தது. துயர் தானாக வடியாத இடங்களில் வாய்க்கால் வெட்டுவது நம் கடமையாகும்.