வளையங்களும் வெட்டி வேலையும்

நீர்மூழ்கிக் கப்பல் கட்டும் பெரிய தளங்களில், உடற்பகுதித் தகடுகளை நேர்படுத்திப் பொருத்தி வெல்டிங் செய்யும் வேலைக்கு இப்போது ரோபோக்களைக் கொண்டுவந்துகொண்டிருக்கிறார்கள். "இரும்பை இரும்போடு ஒட்டுவதற்கு இத்தனை ஆர்ப்பாட்டமா?" என்று நம்மைப் போன்ற பெரியவர்களுக்குத் தோன்றலாம். இதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. ஆங்கிலத்தில் அதன் கப்பல் பக்கத்தைத்தான் அதிகம் எழுதியிருக்கிறார்கள். பிரெஞ்சில் அதன் மனிதப் பக்கத்தையும் எழுதியிருக்கிறார்கள். பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு அந்த இரண்டாவது பக்கத்தைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

முதலில் நீர்மூழ்கி என்பது என்ன என்று பார்ப்போம். நம் பக்கத்து உறைக்கிணறு உங்களுக்குத் தெரியும். மணற்பாங்கான நிலத்தில் சுட்ட மண்ணாலோ சிமெண்டாலோ செய்த உறைகளை ஒன்றின்மேல் ஒன்றாக இறக்குவார்கள். அரிக்கமேட்டு அகழாய்வில்கூட உறைக்கிணறு கிடைத்திருக்கிறது. ஓர் உறை கோணினால் அதன்மேல் வருவதெல்லாம் கோணும், பிறகு பக்கத்து மண் தள்ளும்போது அந்த இடத்தில்தான் கிணறு உடையும். அந்தக் கிணற்றை எஃகில் செய்து, படுக்கவைத்து, இரண்டு முனையையும் மூடிவிட்டால் அதுதான் நீர்மூழ்கியின் உட்கூடு.

வெளியிலிருந்து அழுத்துவது மண்ணுக்குப் பதில் கடல் நீர். பத்து மீட்டர் இறங்கினால் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 200 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஏறக்குறைய 20 கிலோ. ஒரு சதுர மீட்டருக்குக் கணக்குப் போட்டால் 200 டன், அதாவது ஒரு மேசை அளவு இடத்தில் நாற்பது யானைகள் நிற்பது போல. அந்தப் பாரத்தை எஃகின் தடிமன் மட்டும் தாங்குவதில்லை, வட்டம் தாங்குகிறது. சரியான வட்டமாக இருந்தால் பாரம் சுற்றிலும் சமமாகப் பரவும். ஓரிடத்தில் சற்றுச் சப்பையாக இருந்தாலும் அங்கே மடங்க ஆரம்பிக்கும். ஆகவே இரண்டு வளையங்களைச் சேர்க்கும்போது விளிம்பும் விளிம்பும் சரியாகச் சந்திக்கவேண்டும். கட்டுமானத்தின் உயிர்நாடி அதுதான்.

ஆரம்ப கால நீர்மூழ்கிகளில் தகடுகளை ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றி ரிவெட் அடித்தார்கள். முதல் உலகப் போருக்குப் பிறகு மெல்ல மெல்ல வெல்டிங் வந்தது. வெல்டிங்கில் வேறொரு தொல்லை உண்டு. உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கும், சுருங்கும்போது பக்கத்துத் தகட்டை இழுக்கும். காலையில் அளந்து வைத்த வட்டம் மாலையில் வட்டமாக இருக்காது. அனுபவமுள்ள ஆட்கள் ஒரே பக்கமாகப் போட்டுக்கொண்டு போகாமல் எதிரெதிர்ப் பக்கங்களில் மாற்றி மாற்றிப் போட்டு அந்த இழுப்பைச் சமன் செய்வார்கள். இது கையோடு வந்த அறிவு. தலைமுறையாகக் கப்பல் தளத்தில் வேலை செய்த குடும்பங்களிடம் இருந்த அறிவு.

இந்த அறிவு தேவையே இல்லை என்று நினைத்த ஒருவரைப் பற்றித்தான் இப்போது சொல்லவேண்டும். பெயர் ஓட்டோ மெர்க்கர். ஜெர்மனியில் லாரிகளும் தீயணைப்பு வண்டிகளும் செய்த மாகிருஸ் தொழிற்சாலையை நடத்தியவர். 1943இல் ஹிட்லரின் ஆயுதத் துறை அமைச்சர் அல்பெர்ட் ஷ்பேர் அவரைக் கப்பல் கட்டும் பணிக்குத் தலைவராக்கினார். அட்லாண்டிக் கடலில் ஜெர்மானிய நீர்மூழ்கிகள் ஒன்றன்பின் ஒன்றாக மூழ்கிக்கொண்டிருந்த நேரம் அது. புதிதாக 'வகை 21' என்ற நீர்மூழ்கி வரைபடத்தில் தயாராக இருந்தது. பெரிய மின்கலங்கள் கொண்டது, நீருக்கடியில் அதுவரை இல்லாத வேகத்தில் போகக்கூடியது. அதை லாரி செய்வதுபோல் செய்யலாம் என்றார் மெர்க்கர். உடலை எட்டுத் துண்டுகளாகப் பிரித்தார். கடலையே பார்க்காத உள்நாட்டு இரும்பு வேலைக் கம்பெனிகள் துண்டுகளின் கூட்டைச் செய்தன. வேறு தளங்கள் அவற்றுக்குள் குழாய்களையும் இயந்திரங்களையும் பொருத்தின. கடைசியாக ஹாம்பர்க், பிரேமன், டான்சிக் ஆகிய மூன்று ஊர்களின் தளங்களில் எட்டையும் ஒட்டவேண்டும். ரயிலில் ஏறாத அளவுக்குப் பெரியவை என்பதால் ஆறுகளிலும் கால்வாய்களிலும் படகில் வைத்து இழுத்து வந்தார்கள். மாதிரிக்கு ஒன்று கட்டிப் பார்க்கும் பழக்கத்தையும் விட்டுவிட்டு, நேராகத் தொடர் உற்பத்திக்குப் போனார்கள்.

காகிதத்தில் பார்த்தால் குறை சொல்ல முடியாத திட்டம். ஆனால் துண்டுகள் வந்து சேர்ந்தபோது பல பொருந்தவில்லை. விளிம்புகளில் மில்லிமீட்டர் கணக்கில் இருக்கவேண்டிய வித்தியாசம் சென்டிமீட்டர் கணக்கில் இருந்தது. இரும்புக் கம்பெனிகள் பாலமும் கூரையும் செய்து பழகியவை. அங்கே ஒரு விரல்கடை வித்தியாசத்தை ஆணியிலும் தட்டலிலும் சரிக்கட்டிவிடலாம். கடலுக்கடியில் போகிற வளையத்தில் அது நடக்காது. கூட்டும் தளங்களில் திரும்ப வெட்டி, இழுத்து, ஒட்டவேண்டியதாயிற்று. மிச்சப்படுத்தியதாகச் சொன்ன நேரமெல்லாம் அங்கே செலவானது.

முதல் கப்பலின் கதை, அரசாங்க ஆபீசில் வேலை பார்த்தவர்களுக்கு உடனே புரியும். ஹிட்லரின் பிறந்தநாள் ஏப்ரல் 20. அதற்கு முந்தின நாள், 1944 ஏப்ரல் 19 அன்று, டான்சிக்கில் யூ-3501 என்ற நீர்மூழ்கியைத் தண்ணீரில் இறக்கினார்கள். வேலை முடிந்திருக்கவில்லை. திறந்து கிடந்த துளைகளை மரக்கட்டையால் அடைத்து மிதக்கவிட்டு, விழா முடிந்ததும் இழுத்துக்கொண்டுபோய் மறுபடி தளத்தில் சேர்த்தார்கள். நமக்கு மார்ச் 31 எப்படியோ அவர்களுக்கு ஏப்ரல் 20. நான் பணியாற்றிய ஓர் அலுவலகத்தில், கூரை போடாத கட்டடத்துக்கு 'பணி முடிவுற்றது' என்ற சான்றும் பில்லும் ஒரே நாளில் மேசைக்கு வந்ததைப் பார்த்திருக்கிறேன். மேலே இருப்பவர் கேட்பது தேதியாக இருந்தால் கீழே இருப்பவர் தேதியைத்தான் கொடுப்பார், வேலையைக் கொடுக்கமாட்டார். இதில் ஜெர்மானியர் என்ன, நாம் என்ன!

போர் முடிவதற்குள் இந்த வகையில் 118 நீர்மூழ்கிகளைக் கடற்படையிடம் ஒப்படைத்தார்கள். போர்ப்பயணம் என்று புறப்பட்டவை இரண்டே. அவை ஓர் எதிரிக் கப்பலைக்கூட மூழ்கடிக்கவில்லை. துண்டுகள் பொருந்தாதது மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். நேச நாட்டு விமானங்கள் தளங்களிலும் கால்வாய்களிலும் குண்டு போட்டன, பயிற்சிக்கு நேரமில்லை, புதுக் கருவிகளில் கோளாறுகள் இருந்தன. ஆனால் அவசரத்தின் பங்கு பெரிது.

இனி அந்த இன்னொரு பக்கத்துக்கு வருகிறேன். குண்டுவீச்சிலிருந்து தப்பிக்க, பிரேமனுக்கு அருகே வேசர் ஆற்றங்கரையில் ஃபார்கே என்ற இடத்தில் ஒரு பிரம்மாண்டமான கான்கிரீட் கூடாரம் கட்ட ஆரம்பித்தார்கள். அதன் பெயர் வாலென்டின். நீளம் 426 மீட்டர். கூரையின் கனம் மட்டும் நாலரை மீட்டர், சில பகுதிகளில் ஏழு மீட்டர். உள்ளே வரிசையாக 13 நிலையங்கள். நீர்மூழ்கி ஒரு நிலையத்திலிருந்து அடுத்ததற்கு நகர்ந்துகொண்டே வந்து, கடைசியில் தண்ணீரில் இறங்கி ஆற்றுக்குள் போய்விடும். ஏறக்குறைய இரண்டரை நாளுக்கு ஒரு நீர்மூழ்கி என்பது திட்டம்.

கட்டியவர்கள் யார்? சோவியத் போர்க்கைதிகள், போலந்துக்காரர்கள், இத்தாலியச் சிப்பாய்கள், நாயன்கம்மே வதைமுகாமிலிருந்து கொண்டுவந்த கைதிகள். இவர்களில் பிரெஞ்சுக்காரர்கள் ஏராளம். ஓவெர்ன் மலைப்பகுதியில் மியுரா என்று ஒரு சிறிய ஊர். 1944 ஜூனில் அங்கே ஒரு ஜெர்மானிய அதிகாரி கொல்லப்பட்டதற்குப் பழிவாங்க, ஊரின் ஆண்கள் நூறு பேருக்கு மேல் பிடித்துச் சென்றார்கள். அவர்களில் பலர் கடைசியில் சேர்ந்த இடம் ஃபார்கே. அதில் ஒருவர் ரேமோன் போர்ட்ஃபே என்ற இளைஞர். உயிரோடு திரும்பி வந்து 1947இல், 'தாந்தே எதிர்பார்க்காத நரகம்' என்று பொருள்படும் தலைப்பில் தம் அனுபவத்தை எழுதினார். 'போர்ட்ஃபே' என்ற அந்தக் குடும்பப் பெயருக்குப் பிரெஞ்சில் 'சுமைதூக்கி' என்று பொருள். அங்கே அவர்கள் செய்ததும் அதுதான். பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் சிமெண்ட் மூட்டை சுமப்பார்கள், இரும்புக் கம்பி சுமப்பார்கள். பெயர் தெரிந்து பதிவானவர்களில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கே இறந்தார்கள்.

அந்தக் கூடாரத்திலிருந்து ஒரு நீர்மூழ்கிகூட வெளியே வரவில்லை. கட்டி முடிப்பதற்குள் 1945 மார்ச் 27 அன்று பிரிட்டிஷ் விமானங்கள் போட்ட 'கிராண்ட் ஸ்லாம்' குண்டுகள் அதன் கூரையைத் துளைத்தன. அந்த கான்கிரீட் இன்னும் நின்றுகொண்டிருக்கிறது. 2015 முதல் அது நினைவிடம்.

ஹாம்பர்க்கில் கட்டிய யூ-2518 என்ற வகை 21 நீர்மூழ்கி ஒன்று போருக்குப் பிறகு பிரான்ஸ் கைக்கு வந்தது. முதல் உலகப் போரில் தம் நீர்மூழ்கியோடு மடிந்த ஓர் அதிகாரியின் நினைவாக 'ரோலான் மொரியோ' என்று பெயர் மாற்றி, 1967 வரை பிரெஞ்சுக் கடற்படை அதை ஓட்டியது. எந்த நீர்மூழ்கியைக் கட்டுவதற்கான கூடாரத்தில் பிரெஞ்சுக் கைதிகள் செத்தார்களோ, அதே வகை நீர்மூழ்கியில் மூவண்ணக் கொடி பறந்தது. வரலாற்றில் இப்படித்தான் பல கணக்குகள் நேராகாமல் கிடக்கின்றன.

துண்டு துண்டாகச் செய்து சேர்க்கும் முறையை உலகம் கைவிடவில்லை. அது நல்ல முறைதான். திறந்த வளையத்துக்குள் குழாய் போடுவது, மூடிய கூட்டுக்குள் குனிந்து போடுவதைவிட எளிது. இன்று அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பிரான்சிலும் அப்படித்தான் கட்டுகிறார்கள். பிரெஞ்சு வடிவமைப்பில் நம் மும்பை மஸகான் தளத்தில் கட்டிய 'கல்வரி' நீர்மூழ்கியும் ஐந்து துண்டுகளாகச் செய்து 2014 ஜூலையில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டதுதான். அது கடற்படையில் சேர்ந்தது 2017 டிசம்பர் 14 அன்று.

மாறியது அளவெடுக்கும் முறை. லேசர் ஒளியை அனுப்பி, வளையத்தில் வைத்த சிறு கண்ணாடியில் பட்டுத் திரும்புவதை வைத்து ஒவ்வொரு புள்ளியும் எங்கே இருக்கிறது என்று கணினி குறித்துக்கொள்கிறது. எந்தப் பக்க ஜாக்கியை எவ்வளவு ஏற்றவேண்டும் என்று அதுவே சொல்கிறது. விளிம்புகள் சந்தித்த பிறகு, வளையத்தைச் சுற்றிப் போட்ட தண்டவாளத்தில் ஊர்ந்துகொண்டே இயந்திரம் வெல்டிங் போடுகிறது. இல்லாவிட்டால் வெல்டிங் முனை ஒரே இடத்தில் நிற்க, உருளைகளின்மேல் வளையம் முழுவதையுமே மெல்லச் சுற்றுகிறார்கள். கனத்த எஃகு என்பதால் ஒரே பூச்சில் முடியாது. முன்கூட்டிச் சூடேற்றிய தகட்டில் அடுக்கடுக்காகப் பல பூச்சு. சூட்டிலும் புகையிலும் மணிக்கணக்காகக் கை நடுங்காமல் செய்யவேண்டிய வேலை. அதை இயந்திரம் செய்வதில் எனக்கு வருத்தமில்லை. பிறகு ஒட்டிய இடத்தை ஒலி அலையால் சோதிக்கிறார்கள்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். துண்டே கோணலாக வந்தால் ரோபோ என்ன செய்யும்? "கோணல்" என்று சரியாகச் சொல்லும், அவ்வளவுதான். அதைக் கேட்டு வேலையை நிறுத்தி வை என்று சொல்ல ஒரு மனிதர் வேண்டும், அவர் சொல்வதைத் தாங்கிக்கொள்ள மேலே இன்னொரு மனிதரும் வேண்டும். 1944இல் அளவுகோல் இல்லாமல் போகவில்லை. பொருந்தவில்லை என்று தெரிந்தே இருந்தது. தேதி அதைவிடப் பெரிதாகிவிட்டது.

'ரோபோ' என்ற சொல்லைப் பற்றியும் இரண்டு வரி. செக் எழுத்தாளர் கரெல் சாப்பெக் 1920இல் எழுதிய நாடகம் ஒன்றில்தான் அது முதலில் வந்தது. சொல்லைத் தந்தவர் அவருடைய அண்ணன் ஜோசெஃப். செக் மொழியில் 'ரோபோத்தா' என்றால் பண்ணையாருக்குக் குடியானவன் கூலியில்லாமல் செய்யவேண்டிய கட்டாய உழைப்பு. பிரெஞ்சில் அதைக் 'கொர்வே' என்போம். தமிழில் அதற்குச் சோழர் கல்வெட்டிலேயே சொல் இருக்கிறது: வெட்டி. இன்று 'வெட்டி வேலை' என்றால் பயனில்லாத வேலை என்று ஆகிவிட்டது.

ஃபார்கேயில் நடந்தது இரண்டு பொருளிலும் வெட்டி வேலைதான். கூலியில்லாமல் மனிதரை இயந்திரம்போல் வைத்து வாங்கிய வேலை, கடைசியில் யாருக்கும் பயன்படாத வேலை. அந்தச் சுமையை இன்று இரும்புக் கை தூக்குகிறது என்றால் நல்லதுதான், தூக்கட்டும். அளந்து பார்த்து "இது சரியில்லை" என்று சொல்லும் வேலையை மட்டும் மனிதர் கையிலேயே வைத்துக்கொள்ளவேண்டும்.