பாளையத்தில் பிறந்த பாட்டுக்குழுக்கள்



படைவீரன் என்றதும் நம் மாணவர்களின் மனக்கண்ணில் தோன்றுவது போர்க்களமே. நமது வரலாற்றுப் பாடநூல்களும் போர் தொடங்கிய ஆண்டு, முடிந்த ஆண்டு, உடன்படிக்கை கையெழுத்தான ஊர் என்றே நகர்கின்றன. ஆனால் படைவாழ்க்கையின் பெரும்பகுதி போரில் கழிவதில்லை, காத்திருப்பதிலேயே கழிகிறது. சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில், பத்தொன்பது இருபது வயதுடைய இளைஞர்கள் இலட்சக்கணக்கில் கடல் கடந்த நாடுகளுக்கு அனுப்பப்பட்டு, என்று வருமென்றே தெரியாத ஒரு போருக்காகக் காத்துக் கிடந்தனர். மாலை அணிவகுப்பு முடிந்த பிறகு அவர்கள் என்ன செய்தனர்? குடித்தனர், சீட்டாடினர், வீட்டுக்குக் கடிதம் எழுதினர். அவர்களுள் கணிசமானோர் கித்தார் வாங்கினர்.

இதனை வெறும் பொழுதுபோக்குச் செய்தி என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. அணிவகுப்பில் நிற்கும்போது சொல்ல இயலாதவற்றை அவ்விளைஞர்கள் அந்தக் குழுக்களில்தான் சொன்னார்கள்.

முதலில் ஜெர்மனிக்குச் செல்வோம். இரண்டாம் உலகப் போர் 1945-இல் முடிந்தும் அமெரிக்கப் படை அங்கிருந்து வீடு திரும்பவில்லை. கிழக்கே சோவியத் படை நின்றது. ஆகவே மேற்கே அமெரிக்கப் படையும் நின்றது. பவேரியா மாநிலத்தின் லான்ட்ஸ்பெர்க் என்னும் ஊரில் இருந்த வான்படை முகாமுக்கு 1951-இல் ஓர் ஆர்கன்சாஸ் இளைஞர் வந்து சேர்ந்தார். சோவியத் வானொலியில் வரும் மோர்ஸ் குறியீடுகளை ஒட்டுக்கேட்டு எழுதுவது அவருக்கு இடப்பட்ட பணி. மணிக்கணக்கில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, புரியாத மொழியின் புள்ளிகளையும் கோடுகளையும் பதிவு செய்யும் வேலை! ஓய்வு நேரத்திற்கென மலிவான ஜெர்மானியக் கித்தார் ஒன்றை வாங்கினார். முகாம் நண்பர்களுடன் சேர்ந்து 'லான்ட்ஸ்பெர்க் பார்பேரியன்ஸ்' என்று ஒரு குழு அமைத்தார். ஃபோல்சம் சிறையைப் பற்றிய திரைப்படம் ஒன்றை அங்குப் பார்த்துவிட்டு, சிறைக் கைதியின் ஏக்கத்தைப் பாடலாக எழுதத் தொடங்கினார். 1954-இல் பணி முடிந்து ஊர் திரும்பிய அவர்தான் ஜானி கேஷ். சிறைத்தண்டனை அனுபவிக்காத ஒருவருக்குக் கைதியின் குரல் எப்படி வாய்த்தது என்று பலர் வியந்ததுண்டு. மூன்று ஆண்டுகள் பாளையத்தில் நாள் எண்ணியவருக்கு அது வாய்த்ததில் வியப்பில்லை என்பது என் கருத்து.

கேஷ் பாடியது நாட்டுப்புற இசை. ராக் இசை பாளையங்களுக்குள் நுழைந்ததற்கு வானொலியே வழி. 1943-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள் இலண்டனில் தொடங்கப்பட்ட அமெரிக்கப் படை வானொலி, போருக்குப் பின் ஜெர்மனியெங்கும் ஒலித்தது. அது சிப்பாய்களுக்காக நடத்தப்பட்டது. ஆனால் வானலைக்கு வேலி ஏது? ஜெர்மானியச் சிறுவர்களும் கேட்டனர், பிரித்தானியப் படையினரும் கேட்டனர். பிரித்தானியாவில் அக்காலத்தில் இளைஞர்களுக்குத் தேசிய சேவை கட்டாயம். கொரியப் போரையொட்டி 1950-இல் அதன் காலம் ஈராண்டாக உயர்த்தப்பட்டது. அச்சேவையின்போது வியன்னாவில் இருந்த லோனி டோனகன் என்பவர் அமெரிக்க வானொலியின் பாடல்களில் ஊறித் திளைத்தார். பின்னர் அவர் பாடிய 'ராக் ஐலண்ட் லைன்' 1955-இன் இறுதியில் வெளிவந்து பிரித்தானியாவையே ஆட்டி வைத்தது. 'ஸ்கிஃபிள்' எனப்படும் எளிய இசைக்குழுக்கள் தெருவுக்குத் தெரு முளைத்தன.

அந்த ஸ்கிஃபிள் குழுக்களின் கருவிகளைப் பற்றி இங்கே ஒரு சொல். கித்தாரை மட்டும் காசு கொடுத்து வாங்குவார்கள். தாளத்திற்குத் துணி துவைக்கும் தகரப் பலகை. அடிநாதத்திற்குத் தேயிலைப் பெட்டி! ஒட்டுப்பலகையால் ஆன காலிப் பெட்டியைக் கவிழ்த்து, ஒரு துடைப்பக் கழியை நிறுத்தி, கயிறு கட்டி இழுத்து மீட்டுவார்கள். அப்பெட்டிகள் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் தேயிலை ஏற்றிச் சென்றவை. மலையகத் தோட்டங்களில் நம்மவர்கள் பறித்த கொழுந்தைச் சுமந்து போன பெட்டிகளும் அவற்றுள் அடங்கும். இதனை எந்த இசை வரலாற்று நூலும் பெரிதாகச் சொல்வதில்லை. நாமாவது சொல்லி வைப்போம்.

வடஜெர்மனியின் ஓல்டன்பர்க் முகாமில் பிரித்தானிய வான்படைச் சேவையில் இருந்த ஓர் இளைஞரும் இவ்வாறே கித்தார் வாங்கி, முகாமுக்குள் ஸ்கிஃபிள் குழு அமைத்தார். தம்முடன் பணியாற்றிய நண்பர் ஒருவரின் பெயரைப் பிற்காலத்தில் தம் மேடைப் பெயராகவும் சூட்டிக்கொண்டார். 'ரோலிங் ஸ்டோன்ஸ்' குழுவில் பேஸ் கித்தார் வாசித்த பில் வைமன் அவர்.

இவ்வலை நம் வட்டாரத்தையும் தொட்டது. சிங்கப்பூரில் சாங்கி, செலேத்தார், செம்பவாங் ஆகிய இடங்களில் பிரித்தானியத் தளங்கள் இருந்தன. செம்பவாங் கடற்படைத் தளத்தில் தமிழரும் மலையாளிகளும் பெருமளவில் வேலை செய்ததை இங்குள்ள பெரியவர்கள் அறிவர். 1961-இல் கிளிஃப் ரிச்சர்டும் 'ஷேடோஸ்' குழுவினரும் ஹேப்பி வேர்ல்டு அரங்கில் நிகழ்ச்சி நடத்திச் சென்ற பின், பள்ளி மாணவர்கள்கூட மின்கித்தார்க் குழுக்கள் தொடங்கினர். அக்குழுக்கள் மேடைப் பழக்கமும் ஊதியமும் பெற்ற இடங்களுள் படையினர் மன்றங்கள் முக்கியமானவை. 1968-இல் தளங்களை மூடும் முடிவு அறிவிக்கப்பட்டு, 1971-இல் படைகள் வெளியேறியபோது, அந்த இசைஞர்களின் வருவாய்க்கும் அடி விழுந்தது. தளம் மூடப்பட்டதால் வேலையிழந்தோரைப் பற்றிப் பேசும்போது இவர்களை நாம் நினைப்பதில்லை.

மீண்டும் ஜெர்மனிக்கே வருவோம். 1958-இல் எல்விஸ் பிரெஸ்லியே கட்டாயச் சேவையில் சிப்பாயாக ஃப்ரீட்பெர்க் வந்தார். பாடிக்கொண்டு காலத்தை ஓட்டும் சலுகையை ஏற்காமல் சாதாரணச் சிப்பாயாகவே பணியாற்றி, 1960-இல் ஊர் திரும்பினார். புகழ் பெற்றவரின் கதை என்பதால் எல்லாரும் இதையே சொல்வார்கள். எனக்கு அதைவிடச் சுவையாகத் தோன்றுவது, சற்றுத் தொலைவில் கெல்ன்ஹவுசன் என்னும் சிற்றூரில் நடந்த கதை.

ஃபுல்டாவிலிருந்து பிராங்க்ஃபர்ட்டுக்குச் செல்லும் வழியில் அமைந்த ஊர் அது. சோவியத் கவச வண்டிகள் வருமானால் அவ்வழியாகத்தான் வரும் என்று அமெரிக்கத் தளபதிகள் கணக்கிட்டிருந்தனர். பிற்காலத்தில் முப்படைத் தலைவராகவும் வெளியுறவு அமைச்சராகவும் உயர்ந்த கோலின் பவல், இளம் அதிகாரியாக இருந்தபோது அங்குப் பணியாற்றியவர். அவ்வூர் முகாமில் 1964-ஆம் ஆண்டில் ஐந்து சிப்பாய்கள் ஒரு குழுவாகச் சேர்ந்தனர். கேரி பர்கர், லேரி கிளார்க், டேவ் டே, எடி ஷா, ரோஜர் ஜான்ஸ்டன் என்போர் அவர்கள். குழுவின் பெயர் 'ஃபைவ் டார்க்கீஸ்'. மினசோட்டா, சிகாகோ, வாஷிங்டன் மாநிலம், நெவாடா, டெக்சஸ் என ஆளுக்கொரு மூலையிலிருந்து வந்தவர்கள். படை இழுத்து வந்திராவிட்டால் ஒருவரையொருவர் சந்தித்தே இருக்க மாட்டார்கள். தொடக்கத்தில் மற்றக் குழுக்களைப் போலவே அன்றைய வானொலிப் பாடல்களைத்தான் வாசித்தனர்.

ஒருநாள் ஒத்திகையின்போது பர்கர் தம் கித்தாரை ஒலிபெருக்கியின் அருகே சாய்த்து வைத்துவிட்டு வெளியே போனார். ஒலிபெருக்கியின் ஓசை கித்தாருக்குள் மீண்டும் புகுந்து பெரும் ஊளையாக எழுந்தது. வேறு யாராயினும் ஓடிப்போய் நிறுத்தியிருப்பார்கள். ஜான்ஸ்டனோ அந்த ஊளைக்கு ஏற்ப டிரம்ஸை அடிக்கத் தொடங்கிவிட்டார். அந்த ஓசையையே தங்கள் இசையின் அடித்தளமாக்கிக்கொள்ள அவர்கள் முடிவு செய்தனர்.

சேவை முடிந்ததும் அவர்கள் ஊர் திரும்பவில்லை. ஜெர்மனியிலேயே தங்கி இரவு விடுதிகளில் வாசித்தனர். கார்ல் ரெமி, வால்டர் நீமன் என்னும் இரு ஜெர்மானியர் மேலாளர்களாக அமைந்தனர். அவர்களுடைய யோசனைப்படி ஐவரும் உச்சந்தலையை மழித்துக்கொண்டு, கறுப்பு உடையணிந்து, கழுத்துப்பட்டைக்குப் பதில் கயிறு கட்டிக்கொண்டு மேடையேறினர். பெயரும் 'மாங்க்ஸ்', அதாவது துறவிகள், என்று மாறியது. தாளக் கித்தாரைக் கைவிட்டு டேவ் டே மின்சாரப் பாஞ்சோவை எடுத்தார். இன்னிசையைக் குறைத்து, தாளத்தைக் கூட்டி, பாடல்வரிகளைச் சில சொற்களுக்குள் சுருக்கினர். நேர்மையாகச் சொன்னால் அது செவிக்கு இனிமையான இசை அன்று. படைமுகாமின் ஒழுங்கையே எடுத்து அதற்கு எதிராகத் திருப்பி அடித்தது போன்ற இசை. கால்கள் ஒரே சீராகத் தரையில் மோதும் அந்தத் தாளம் பாளையத்தில் பழகியவர்களுக்குக் கைவந்ததில் ஐயமென்ன?

1966-இல் பாலிடோர் நிறுவனம் 'பிளாக் மாங்க் டைம்' என்ற இசைத்தட்டை ஜெர்மனியில் வெளியிட்டது. அதன் முதற்பாடலிலேயே, படையின் மீதுள்ள வெறுப்பையும் வியட்னாமில் குழந்தைகள் கொல்லப்படுவது ஏன் என்ற கேள்வியையும் பர்கர் உரத்துக் கூவினார். நாள்தோறும் செய்தித்தாளை நிரப்பும் போராக வியட்னாம் மாறிக்கொண்டிருந்த காலம் அது. அமெரிக்காவில் அத்தட்டு அப்போது வெளிவரவில்லை. சீருடை அணிந்து உறுதிமொழி எடுத்தவர்களே இக்கேள்வியைக் கேட்டனர் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வெளியில் நின்று படையைச் சாடுவது எளிது.

1967-இல் அக்குழுவுக்கு வியட்னாமில் அமெரிக்கப் படையினர் முன் பாடும் பயணம் ஏற்பாடாகியிருந்தது. புறப்பட வேண்டிய வேளையில் ஜான்ஸ்டன் டெக்சஸுக்குத் திரும்பிவிட்டார். குழு கலைந்தது.

அவர்கள் போகாத வியட்னாமில் இசைக்குக் குறைவில்லை. 1969-இல் அங்கு ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் படையினர் இருந்தனர். பிலிப்பீன்ஸ், கொரியா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளிலிருந்தெல்லாம் குழுக்கள் வந்து பாடின. அத்துடன் படைத்தலைமையே சிப்பாய்களைத் தேர்வு செய்து ராக் குழுக்கள் அமைத்து, முன்னணி முகாம்களுக்கு அனுப்பியது. நேற்றுவரை துப்பாக்கி ஏந்தியவர் இன்று கித்தாருடன் ஹெலிகாப்டரில் இறங்குவார். கேட்போர் யாவரும் கேட்கும் பாடல் ஒன்று உண்டு: 1965-இல் 'அனிமல்ஸ்' குழு பாடிய, இந்த இடத்தைவிட்டு எப்படியேனும் வெளியேற வேண்டும் என்ற பொருளில் தலைப்புக் கொண்ட பாடல். அது போரைப் பற்றி எழுதப்பட்டதன்று. நகரத்து ஏழை இளைஞனின் பாடல். ஆயினும் சிப்பாய்கள் அதனைத் தமதாக்கிக் கொண்டனர். படைத்தலைமை இதையெல்லாம் அறியாமலா இருந்தது? அறிந்தும் அனுமதித்தது. பாடித் தீர்ப்பவன் ஆணையை மீறமாட்டான் என்ற கணக்காக இருக்கலாம்.

அக்கணக்கின் விந்தையான விளைவு ஒன்று 1971-இல் ஜெர்மனியில் நிகழ்ந்தது. ஐரோப்பாவிலிருந்த அமெரிக்கப் படை தன் சிப்பாய்க் குழுக்களுக்கிடையே போட்டி நடத்தியது. அதில் வென்ற 'ஈஸ்ட் ஆஃப் அண்டர்கிரவுண்ட்' குழுவில் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்திருந்தனர். முகாம்களில் இனப்பூசல் மிகுந்திருந்த அந்நாளில் அதுவே ஒரு செய்திதான். அவர்களையும் 'சோப்' என்ற மற்றொரு குழுவையும் பிராங்க்ஃபர்ட்டில் இருந்த படை வானொலி நிலையத்தில் பாடவைத்து இசைத்தட்டாக்கினார்கள். எதற்கு? ஆள்சேர்ப்பு விளம்பரத்திற்கு! படையில் சேர்ந்தால் இசையும் பயிலலாம் என்று காட்டுவதற்காக.

அவ்விளைஞர்கள் தேர்ந்தெடுத்த பாடல்களுள் ஒன்று, கர்ட்டிஸ் மேஃபீல்டு எழுதிய, கீழே நரகம் இருக்குமாயின் நாம் அனைவரும் அங்குதான் போகப்போகிறோம் என்ற பொருள்படும் பாடல். இளைஞர்களைப் படைக்கு அழைக்கும் தட்டில் இது எவ்வாறு இடம்பெற்றதோ! வரிகளை யாரும் கவனிக்கவில்லை போலும். 1973-இல் அமெரிக்காவில் கட்டாய ஆள்சேர்ப்பே முடிவுக்கு வந்தது. அத்தட்டுகளும் மறக்கப்பட்டு, பழைய தட்டுகள் சேகரிப்போரிடம் மட்டும் எஞ்சின. இந்த நூற்றாண்டில்தான் அவை மறுபதிப்பாகி வெளிவந்தன.

'மாங்க்ஸ்' குழுவினரும் அவ்வாறே பல்லாண்டு மறக்கப்பட்டிருந்தனர். 1994-இல் எடி ஷாவின் நினைவுநூல் வெளிவந்தது. 1999-இல் ஐவரும் நியூயார்க்கில் ஒன்றுகூடினர். துறவிகள் என்ற பெயரில் அவர்கள் சொந்த நாட்டில் மேடையேறியது அதுவே முதன்முறை. கெல்ன்ஹவுசனில் சேர்ந்து முப்பத்தைந்து ஆண்டுகள் கழிந்திருந்தன. டெக்சஸிலிருந்து ஜான்ஸ்டனும் வந்து டிரம்ஸ் அடித்தார். பர்கர் பிற்காலத்தில் மினசோட்டாவில் டர்ட்டில் ரிவர் என்னும் தம் சிற்றூருக்குத் தலைவராகவும் இருந்து, 2014-இல் காலமானார்.