ரத்தம் எழுதும் கணக்கு

கொரோனா வந்ததிலிருந்து நம்மில் பலர் வீட்டில் ஆக்ஸிமீட்டர் இருக்கிறது. உட்கார்ந்து விரலில் மாட்டி, 96 காட்டினால் நிம்மதி. ஆனால் நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ள சிலருக்கு உட்கார்ந்தால் 96, மாடிப்படி ஏறினால் 85. இப்படிப்பட்டவர்களை ரத்தப் பரிசோதனையிலேயே முன்கூட்டிக் கண்டுபிடிக்க முடியுமா என்று இப்போது ஆராய்கிறார்கள். ரத்தத்தில் இந்தத் தடயத்தைத் தேடும் வேலையில் பிரெஞ்சுக்காரர்களின் பங்கு பெரியது.

பிரெஞ்சு வழியில் படித்தவர்களுக்கு போல் பெர் என்றால் 1881-ல் கல்வி மந்திரியாக இருந்தவர். அடிப்படையில் அவர் உடலியல் பேராசிரியர். மலை உச்சியில் வரும் மயக்கத்துக்குக் காரணம் ஆக்ஸிஜன் பற்றாக்குறையே என்று 1878-ல் வந்த தம் நூலில் நிறுவினார். அதற்கு முன்பே, 1875 ஏப்ரல் 15 அன்று, ஸெனித் பலூனில் 8,000 மீட்டருக்கு மேல் போன மூவரில் இருவர் இறந்திருந்தார்கள். ஆக்ஸிஜன் பை கூடவே இருந்தது. எட்டி எடுக்கக் கையில் தெம்பில்லை. பிழைத்த திஸாந்தியே, அந்த நேரத்தில் கஷ்டமே தெரியவில்லை என்று எழுதினார். ஆபத்தே அதுதான்.

உயரத்துக்கு ஏற்ப ரத்தம் மாறத் தலைமுறைகள் ஆகும் என்று பெர் நினைத்தார். பொர்தோ நகரத்துப் பேராசிரியர் வியோ, பெரு நாட்டில் 4,392 மீட்டர் உயரத்திலுள்ள மொரோகோச்சா சுரங்க ஊருக்குப் போய்த் தம் ரத்தத்தையே எண்ணிப் பார்த்தார். லிமாவில் ஒரு கன மில்லிமீட்டருக்கு 50 லட்சமாக இருந்த சிவப்பணுக்கள், 23 நாளில் 80 லட்சம்! இதை 1890-ல் வெளியிட்டார்.

1906-ல் கர்னோவும் தெஃப்லாந்த்ர் அம்மையாரும், இப்படிச் சிவப்பணுவைப் பெருக்கச் சொல்லும் ஒரு பொருள் ரத்தத்தில் ஓடுகிறது என்றார்கள். அதுதான் எரித்ரோபொய்டின். மனிதரிடமிருந்து அதைச் சுத்தமாகப் பிரித்தெடுக்க 1977 வரை ஆயிற்று. ஆக்ஸிஜன் குறைவதை உயிரணு எப்படி உணர்கிறது என்று கண்டறிந்த மூவருக்கு 2019-ல் நோபல் பரிசு கிடைத்தது.

நுரையீரல் நோயாளிக்குச் சமவெளியே மொரோகோச்சா. சிலருக்கு ஹீமோகுளோபின் ஏறுவது அதனால்தான். ஆனால் இந்தக் கணக்கு மெதுவாக எழுதப்படுவது. புகைபிடித்தாலும் ஏறும், ரத்தசோகை இருந்தால் ஏற்றம் மறைந்துவிடும். நடக்கும்போது எவ்வளவு இறங்குகிறது என்பதை, விரலில் கருவி மாட்டி ஆறு நிமிடம் நடக்கவைத்துத்தான் இன்றும் பார்க்கிறார்கள்.

நடந்தால் மூச்சு வாங்குகிறதென்றால், 'வயசாயிடுச்சு' என்று விட்டுவிடாதீர்கள். அந்த நடைப் பரிசோதனை தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள்.